எஞ்சின் முனகக் கூடாது: சிறிய படகுக்குப் புறொப்பெல்லர் தெரிவு செய்வது



கோடை வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு ஏரி ஞாபகம் வந்துவிடும். முன்பெல்லாம் பாலத்தடியிலும் கரையிலும் நின்று தூண்டில் போட்டவர்கள், இப்போது சொந்தமாகப் படகு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஸ்காபரோவில் புளபர்ஸ் பார்க்கில் படகு இறக்கும் இடத்தில் ஒரு சனிக்கிழமை விடியப் போய் நின்று பாருங்கள். நாலு படகு இறங்கினால் ஒன்றிலாவது தமிழ் கேட்கும். ரைஸ் ஏரி, ஸ்கூகொக் ஏரி, சிம்கோ ஏரி எங்கும் இதே கதைதான். அநேகமாகப் பன்னிரண்டு அல்லது பதினான்கு அடி அலுமினியப் படகு. பின்னால் 9.9 அல்லது 15 குதிரைவலு எஞ்சின். யாரோ ஒரு வெள்ளைக்காரர் பத்து வருடம் பாவித்துவிட்டு விற்றதாக இருக்கும்.

வாங்கும்போது நாங்கள் எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்போம். அடியில் ஒழுக்கு இருக்கிறதா, ரெயிலரின் ரயர் எப்படி, எஞ்சின் முதல் இழுவையிலேயே ஸ்ராட் ஆகிறதா, விலையில் இருநூறு டொலர் குறைப்பாரா. ஒன்றை மட்டும் குனிந்து பார்ப்பதில்லை. எஞ்சினுக்கு அடியில், தண்ணீருக்குள் சுற்றுகிற புறொப்பெல்லரை. சுழலி, உந்துவிசிறி என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. எல்லாரும் சொல்வதுபோலப் புறொப்பெல்லர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், மன்னியுங்கள்.

நானும் பார்க்காமல் வாங்கியவன்தான். அதனால்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன்.

என்னுடையது பதினான்கு அடிப் படகு, 15 குதிரைவலு எஞ்சின். விற்றவர் நல்ல மனிதர், ஒரு குறையும் மறைக்கவில்லை. அவர் தனி ஆள். விடியற்காலையில் தனியாகப் போய்த் தனியாக வருகிறவர். அவரோடு ஒருமுறை ஓடிப் பார்த்தேன். படகு அம்பு மாதிரிப் போனது. காசைக் கொடுத்து வாங்கிவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, சிம்கோ ஏரி. நான், என் மச்சான், அவரது நண்பர், என் பெரிய மகன். நாலு பேர், குளிர்பெட்டி, சாப்பாடு, நங்கூரம், ஒரு தாங்கி பெற்றோல். படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறது. அந்த அளவுக்குள்தான் இருந்தோம். உயிர்காப்பு அங்கியும் எல்லாருக்கும் இருந்தது. போகும்போது காற்றில்லை. படகு கொஞ்சம் சோம்பலாகப் போனதைக் கவனித்தேன், பாரம் தானே என்று விட்டுவிட்டேன். மத்தியானம் வடமேற்குக் காற்று எழும்பியது. சிம்கோவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பெரிய ஏரி, ஆழம் அதிகமில்லாத இடங்கள் நிறைய. காற்று வந்தால் குறுகிய, செங்குத்தான அலை உடனே எழும்பும்.

திரும்பி வர முழு விசையையும் கொடுத்தேன். எஞ்சின் முனகியது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் தாழ்ந்து, தண்ணீரை உழுதுகொண்டே போனது, மேலே ஏறவில்லை. பின்னால் இருந்து வந்த அலை ஒவ்வொன்றும் எஞ்சின் பக்கத்தால் உள்ளே எட்டிப் பார்த்தது. இரண்டு உள்ளேயும் வந்தன. மச்சான் குளிர்பெட்டியின் மூடியைக் கழற்றித் தண்ணீர் இறைத்தார். இருபது நிமிடத்தில் வரவேண்டிய தூரத்துக்கு ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. கரைக்கு வந்தபிறகு மகன் என்னோடு கதைக்கவில்லை. அந்த வருடம் அவன் படகில் ஏறவுமில்லை.

எஞ்சின் பழுது என்று நினைத்துத் திருத்துகிற இடத்துக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த வயதான மெக்கானிக் எஞ்சின் மூடியைத் திறக்கவே இல்லை. குனிந்து புறொப்பெல்லரின் நடுக்குடத்தில் அடித்திருந்த எண்ணைப் பார்த்தார். "எத்தனை பேர் போனீர்கள்?" என்று கேட்டார். நாலு என்றேன். "இது ஒரு ஆளுக்கு" என்றார்.

அந்த நேரத்தில் எனக்குக் கிளாலி ஞாபகம் வந்தது.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் அந்தக் கடல்நீரேரியைக் கடந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். 1990களின் முற்பாதியில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்ட காலம். குடாநாட்டை விட்டு வெளியேற அந்தத் தண்ணீரைத்தான் இரவில் கடந்தோம். 1993 ஜனவரி 2ஆம் திகதி அந்தத் தண்ணீரில் படகுகளில் வந்த பொதுமக்கள் கொல்லப்பட்டதை எங்களில் யாரும் மறக்கவில்லை. நான் கடந்தது 1994இல். முன்னால் எஞ்சின் பூட்டிய ஒரு படகு, அதன் பின்னால் கயிற்றால் கோத்த படகுகள். ஒவ்வொன்றிலும் சனம், பெட்டி, சைக்கிள். எனக்கு முதற் படகில், எஞ்சினுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. எஞ்சின் வானம் அதிரக் கத்தியது. படகுகளோ நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூடப் போயின. நேவிக்குக் கேட்குமே என்ற பயத்தில் ஓட்டியிடம் கேட்டேன், "அண்ணை, ஏன் இவ்வளவு சத்தம், இவ்வளவு மெதுவு?"

"தம்பி, இது ஓடுறதுக்குப் போட்டதில்லை, இழுக்கிறதுக்குப் போட்டது. எஞ்சின் கத்தவேணும். முனகினால்தான் பயப்படவேணும்" என்றார். தனியாகத் தொழிலுக்குப் போகும்போது வேறு ஒன்று பூட்டுவாராம்.

அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. இத்தனை வருடம் கழித்து, ஒன்ராறியோவில் ஒரு திருத்துகிற கொட்டிலில் நின்றபோது விளங்கியது.

சரி, அந்த எண்ணுக்கு வருவோம். புறொப்பெல்லரில் இரண்டு எண் இருக்கும். உதாரணமாக 9¼ x 11. முதல் எண் விட்டம். இதழ்களின் நுனிகள் சுற்றும் வட்டத்தின் குறுக்களவு, அங்குலத்தில். சிறிய எஞ்சின்களுக்கு விட்டம் பெரும்பாலும் எஞ்சினோடு முடிவாகிவிடும், அதில் எங்களுக்குப் பெரிய தெரிவு இல்லை. இரண்டாவது எண்தான் விஷயம். அதைப் பிச் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் நுண்மானித் திருகுக் கணிச்சி பிடித்துப் பார்த்தவர்களுக்குப் புரியிடைத் தூரம் ஞாபகம் இருக்கும். அதேதான். மரத்தில் திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினால் எவ்வளவு உள்ளே போகும்? அதுபோல, தண்ணீர் மரம் மாதிரிக் கெட்டியாக இருந்தால் ஒரு சுற்றுக்குப் புறொப்பெல்லர் எத்தனை அங்குலம் முன்னே போகும் என்பதுதான் அந்த எண். 11 என்றால் பதினொரு அங்குலம்.

தண்ணீர் கெட்டியில்லை, அதனால் கொஞ்சம் வழுக்கும். கணக்குப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று. கீழே பற்சில்லுகள் அதை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும், ஆக புறொப்பெல்லர் 2,750 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 அங்குலம் என்றால் மணிக்கு 46 கிலோமீற்றர் வரவேண்டும். நான் தனியாக ஓடும்போது ஜிபிஎஸ் காட்டியது 36. மிச்சம் வழுக்கலில் போனது. வழுக்கல் ஒரு குற்றமில்லை. அது கொஞ்சம் இல்லாவிட்டால் படகு நகரவே நகராது. பாரமான படகில் அது இன்னும் கூடும்.

பிச் கூடினால் வேகம் கூடும் என்று நினைத்து எங்கள் ஆட்கள் பெரிய எண்ணைத் தேடுவார்கள். இங்கேதான் பிழை. கண்டி றோட்டில் கடுகண்ணாவை ஏற்றத்தைப் பாரம் ஏற்றிய லொறியில் ஏறியவர்கள் சொல்லுங்கள். நாலாம் கியரில் ஏறுமா? லொறி முனகி, நடுங்கி, நின்றுவிடும். பெரிய பிச் என்பது மேல் கியர். வெறும் படகில், தட்டையான தண்ணீரில், நல்ல ஓட்டம் ஓடும். பாரம் ஏற்றினால் எஞ்சினால் அதைச் சுற்ற முடியாது. படகில் மாற்றிப் போடக் கியர் இல்லை. முன்னோட்டம், பின்னோட்டம், நடுநிலை, அவ்வளவுதான். ஆகையால் நீங்கள் பூட்டுகிற புறொப்பெல்லர்தான் உங்கள் ஒரே கியர். எந்தக் கியரில் நாள் முழுக்க ஓடப்போகிறோம் என்பதைக் கரையிலேயே முடிவு செய்துவிடுகிறோம்.

எஞ்சின் முனகிக்கொண்டே ஓடினால் மெதுவாகப் போவதோடு விஷயம் முடியாது. விசைக்கட்டையை முழுதாகத் திறந்து வைத்திருக்கிறோம், எஞ்சினோ அந்த அளவுக்குச் சுற்றவில்லை. உள்ளே சூடு கூடும், கரி படியும், பிஸ்டனும் தாங்கிகளும் அடிபடும். பெற்றோலும் குடிக்கும். மறுபக்கம், பிச் மிகச் சிறிதாக இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றும். புதிய எஞ்சின்களில் அதைத் தடுக்கும் அமைப்பு இருக்கும், விட்டு விட்டு இருமுவதுபோலச் சத்தம் வரும். பழையவற்றில் அது இல்லாததும் உண்டு. அவற்றில் நீங்கள்தான் காது கொடுக்க வேண்டும்.

இனி எப்படித் தெரிவு செய்வது? ஒவ்வொரு எஞ்சினுக்கும் முழு விசையில் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுக்குள் ஓடவேண்டும் என்று அதன் கைநூலில் எழுதியிருக்கும். என் எஞ்சினுக்கு 5,000 முதல் 6,000 வரை. உங்களுடையதற்கு வேறாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய எஞ்சின்களில் சுற்றுமானி இருக்காது. ஆனால் ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிக் கட்டுகிற சிறிய சுற்றுமானி விற்கிறார்கள், விலையும் அதிகமில்லை. பழைய இரண்டடிப்பு எஞ்சினா, நாலடிப்பு எஞ்சினா என்று சொல்லி வாங்குங்கள். அமைப்பு மாறினால் எண் பிழையாகக் காட்டும்.

அதைக் கட்டிக்கொண்டு, நீங்கள் வழக்கமாகக் கொண்டு போகிற பாரத்தோடு போங்கள். இதைத்தான் அழுத்திச் சொல்ல வந்தேன். தனியாகப் போய்ப் பார்க்காதீர்கள். எங்கள் வீட்டுப் படகு தனியாகப் போவது எத்தனை நாள்? மச்சான் வருவார், மருமகன் வருவான், குளிர்பெட்டி நிறையச் சாப்பாடு வரும். அந்தப் பாரத்தோடு, காற்றில்லாத நாளில், கரைக்கு அண்மையில், முழு விசை கொடுத்துச் சுற்று எவ்வளவு என்று குறியுங்கள். பிறகு ஒரு ஆளோடு மட்டும் ஓடி அதையும் குறியுங்கள். முதலாவது எண் எல்லைக்குக் கீழே நின்றால் பிச்சைக் குறைக்க வேண்டும். ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று கூடும். இரண்டாவது எண் மேல் எல்லையைத் தாண்டக் கூடாது.

என்னுடையதைச் சொல்கிறேன். 11 பிச்சில் தனியாக 5,500. நாலு பேரோடு 4,500, படகு மேலே ஏறவே இல்லை. 9 பிச் போட்டேன். தனியாக 5,900, எல்லைக்குள். நாலு பேரோடு 5,000ஐச் சற்றுத் தாண்டியது, படகு தண்ணீருக்கு மேலே ஏறி வழுக்கி ஓடத் தொடங்கியது. மணிக்கு 24 கிலோமீற்றர்தான், ஆனால் அன்றைக்கு உழுதுகொண்டு வந்தது 12. தனியாகப் போகும்போது 36 ஆக இருந்தது 33 ஆகிவிட்டது. அந்த மூன்று கிலோமீற்றரை நான் தேடுவதில்லை. 8 பிச் போட்டிருந்தால் பாரத்துக்கு இன்னும் சுகமாக இருந்திருக்கும், ஆனால் தனியாக ஓடும்போது எல்லை மீறியிருக்கும். சிலர் இரண்டையும் வைத்து மாற்றிப் பூட்டுவார்கள், கிளாலி ஓட்டியைப்போல. ஐந்து நிமிட வேலைதான், ஆனால் எனக்குப் பொறுமை இல்லை.

புறொப்பெல்லரைக் குற்றம் சொல்லுமுன் எஞ்சின் பூட்டிய உயரத்தையும் பாருங்கள். புறொப்பெல்லருக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்தோடு ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்க வேண்டும். எஞ்சின் உயரமாக நின்றால் மேலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு புறொப்பெல்லர் வெறுமனே சுற்றும், தாழ்ந்து நின்றால் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். சிறிய எஞ்சின்கள் 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு கால் நீளத்தில் வருகின்றன. 15 அங்குலப் படகில் 20 அங்குல எஞ்சினை மலிவுக்கு வாங்கிப் பூட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், அவர் இந்த வானொலியைக் கேட்கிறவர்.

மூன்று இதழா, நாலு இதழா என்று பலர் கேட்கிறார்கள். நாலு இதழ் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், பாரத்தோடு சீக்கிரம் மேலே ஏற்றும், உச்ச வேகம் கொஞ்சம் குறையும். அதைப் போடுவதானால் வழக்கமாகப் பிச்சில் ஓர் அங்குலம் குறைத்துப் போடுவார்கள். சரியான பிச்சோடு மூன்று இதழே சாதாரண குடும்பப் படகுக்குப் போதும் என்பது என் எண்ணம். அலுமினியமா, துருப்பிடிக்காத உருக்கா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அலுமினியம். உருக்கு வளையாது, மெல்லியதாகச் செய்யலாம், வேகம் தரும், உண்மைதான். ஆனால் எங்கள் ஏரிகளில் கல் இருக்கிறது, மரக்கட்டை இருக்கிறது. கல்லில் அடித்தால் அலுமினிய இதழ் வளைந்தோ உடைந்தோ போகும், உருக்கில் அடித்தால் அந்த அடி மேலே பற்சில்லுகளுக்குப் போகலாம். புறொப்பெல்லர் வாங்கும் காசும் பற்சில்லுப் பெட்டி திருத்தும் காசும் ஒன்றல்ல. குடத்துக்குள் இருக்கும் இறப்பர் அடியைத் தாங்கத்தான் வைத்தது. அது பழசாகித் தளர்ந்தால் எஞ்சின் கத்தும், படகு நகராது. பழைய சிறிய எஞ்சின்களில் அதற்குப் பதிலாக ஒரு மெல்லிய ஊசி இருக்கும். அடிபட்டால் அது முறிந்து மிச்சத்தைக் காப்பாற்றும். அந்த ஊசி முறிந்ததற்கு ஆணியைச் செருகிக்கொண்டு ஓடுகிற கெட்டித்தனத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கல்லுக்குப் பயந்து இந்த மாகாணத்தில் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் தெரியுமா? மஸ்கோக்காப் பக்கம் போர்ட் கார்லிங் என்ற ஊரில், 1915ஆம் ஆண்டளவில், புறொப்பெல்லர் கல்லில் தட்டியவுடன் படகுக்குள்ளே தானாக மடிந்துகொள்ளும் மரப்படகைக் கண்டுபிடித்துச் செய்து விற்றார்கள். மறையும் புறொப்பெல்லர் படகு என்றே அதற்குப் பெயர். சுருக்கமாக டிஸ்ப்ரோ. இன்றைக்கும் அதைப் பழுதுபார்த்து வைத்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளாலியில் புறொப்பெல்லர் சேற்றில் இறுகியபோது அதைத் தூக்கிவிட்டு, ஆண்கள் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் படகைத் தள்ளினோம். எங்களுடைய மறையும் புறொப்பெல்லர் அதுதான்.

கடைசியாகத் தூண்டில் நூல். நாங்கள் போவதே மீன் பிடிக்க. அறுந்த நைலோன் நூல் புறொப்பெல்லருக்குப் பின்னால், தண்டில் சுற்றிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. மெல்ல மெல்ல உள்ளே இருக்கும் இறப்பர் அடைப்பை வெட்டிவிடும். தண்ணீர் உள்ளே போகும். பற்சில்லு எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஆகையால் கோடையில் இரண்டு மூன்று தடவையாவது புறொப்பெல்லரைக் கழற்றித் தண்டைப் பாருங்கள். அதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, ஸ்ராட் ஆகாதபடி பாதுகாப்புக் கயிற்றையும் பிளக் வயரையும் கழற்றிவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது தண்டுக்குக் கிறீஸ் பூசி, புதிய பிளவு ஊசி போடுங்கள். படகில் ஒரு சாவி, ஒரு நட்டு, இரண்டு பிளவு ஊசி, முடிந்தால் பழைய புறொப்பெல்லர் இருக்கட்டும். என் 11 பிச் இப்போது அந்த வேலைக்குத்தான் இருக்கை அடியில் கிடக்கிறது.

ஸ்கூகொக் போகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே பாசி அதிகம். இதழில் பாசி சுற்றினால் படகு நடுங்கும். நடுநிலைக்கு வந்து, பின்னோட்டம் கொஞ்சம் கொடுத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். கரைக்கு ஏற்றியபிறகு அந்தப் பாசியை அங்கேயே கழற்றிவிட்டு, படகின் அடைப்பான்களைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுத்தான் றோட்டில் ஏற்ற வேண்டும். 2022 ஜனவரியில் இருந்து ஒன்ராறியோவில் அது சட்டம். படகு ஓட்டுகிறவரிடம் ஓட்டுநர் அட்டை இருக்க வேண்டும், எஞ்சின் எவ்வளவு சிறிதாக இருந்தாலும். 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் என்றால் படகுக்கும் உரிம எண் வேண்டும்.

மகன் இப்போது படகில் வருகிறான். ஏறமுன் கேட்பான், "அப்பா, எத்தனை பேர்?" ஐந்தாவது ஆள் கரையில் நின்று கையசைக்கும்போது எனக்கும் மனவருத்தம்தான். போன மாதம் அந்த ஐந்தாவது ஆள் மச்சான்.